மாப்பிள்ளையின் தீனிக் கிண்ணம்

ஆண் முயலின் உடம்பில் ஒரு விந்தணு தோன்றி, வளர்ந்து, வால் முளைத்து, வெளியே வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். இதைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன், சோதனையில் எழுதினேன், புள்ளி வாங்கினேன், மறந்தும் போனேன். இரண்டு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று புரிந்தது பிறகுதான், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு முயல் கூண்டின் முன்னால் குந்திக்கொண்டிருந்தபோது.

அந்தக் கூண்டுகளைத் தன் வீட்டுப் பின்னால் கட்டியது என் நண்பன். எங்கள் இருவர் வீடும் ஒரே வரிசை, நடுவில் இரண்டே வீடு. முன்பு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயம் இருந்த இடம் என்பார்கள். நாங்கள் பிறக்கும்போதே வரிசை வீடுகள் கொண்ட தாமான் ஆகிவிட்டது. பின்னால் கால்வாயைத் தாண்டினால் எண்ணெய்ப் பனையான செம்பனை. பழைய தோட்டத்தைப் பார்த்தவர்கள் அதை நினைத்து ஏங்கட்டும். நான் ஏங்கியது ஓர் ஆளுக்காக. அவன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

போவதற்கு முன்னால் அவன் ஈப்போவில் லோரி ஓட்டினான். நான் விலங்கியல் படித்துவிட்டு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல், ஈப்போவில் ஒரு டியூஷன் சென்டரில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முயல் யோசனை என்னுடையது. எனக்கு வாரத்துக்கு ஒரு யோசனை வரும். காளான், காடை, கெளுத்தி மீன் என்று வரிசையாக வந்து போயின. அவன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவான், ஒன்றும் செய்யமாட்டான். முயல் என்றதும் மட்டும் மறுநாளே கம்பி வலையும் பலகையும் லோரியில் ஏற்றி வந்து இறக்கினான்.

"என்ன மச்சான், கேக்காமயே வாங்கிட்ட?"

"நீ நாளைக்கி வேற யோசனைக்குப் போயிருவ. அதுக்குள்ள கட்டிரணும்லா."

ஆண் முயலை ஆயர் தாவாரில், செம்பனைக்குள் பண்ணை வைத்திருந்த ஒரு சீனரிடம் வாங்கினோம். வெள்ளை நியூசிலாந்து ஜாதி. துணி துவைக்கும் கூடைக்குள் அடங்காமல் காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி வழியில் மழை. வண்டியை நிறுத்தித் தன் மழைக்கோட்டைக் கழற்றினான். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். கூடையைப் போர்த்தினான்.

"நான் நனையுறேன்டா."

"நீ காஞ்சிருவ. அவனுக்குச் சளி புடிச்சா எவன் பாக்குறது?"

வீட்டு வாசலில் அவனுடைய அம்மா நின்றுகொண்டிருந்தார். அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்த நாள் முதல் அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். கூடையை எட்டிப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "பொண்ணு பாக்கப் போன கழுதைங்க மாப்பிள்ளையத் தூக்கிட்டு வந்துருக்குங்க." அன்றிலிருந்து அந்த முயலுக்கு மாப்பிள்ளை என்பதே பெயர்.

பெட்டைகள் மூன்றை லகாட்டில் வாங்கினோம். அவன் இருந்தபோது முதல் ஈத்து வந்தது. தொட்டால் பஞ்சு மாதிரி, கண் திறந்ததும் கூண்டெல்லாம் துள்ளல். பெரிசானதும் எல்லாம் விலை போயின. அந்தக் காலம் கொஞ்ச நாள்தான். மாலையில் அவன் லோரியை நிறுத்திவிட்டு வருவான். நான் ஈப்போவிலிருந்து வருவேன். இரண்டு பேரும் கால்வாய்க் கரையில் புல் அறுப்போம். பேசிக்கொண்டேதான் அறுப்போம். இருட்டும்போது பார்த்தால் புல் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

பிறகு அவன் கம்பெனியில் ஓட்டம் குறைந்தது. சிங்கப்பூரில் இருந்த ஒரு சொந்தக்காரர் வேலை பிடித்துக் கொடுத்தார். ஈப்போ பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். பை தோளில், ஒரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பிப் பொட்டலம், அதன் உறிஞ்சுக் குழாயைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

"கூண்டெல்லாம் நிறையட்டும் மச்சான். நிறைஞ்ச அன்னைக்கே டிக்கெட் எடுத்துர்றேன். ரெண்டு பேரும் இதயே முழு நேரமா பாக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியம் லா. மாப்பிள்ள மேல சத்தியம்."

பஸ் போனது. நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் காலிக் கூண்டுகளைக் கழுவினேன்.

அதன் பிறகு ஒரு பெட்டையும் சினை பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் பார்வைக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆண் முயல் வேலையை முடித்துவிட்டால் மயக்கம் போட்டதுபோல ஒரு பக்கமாகச் சரிந்து விழும். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் முறைப்படி விழுந்தான். எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாலு பேரைப் பெற்ற அப்பன் மாதிரி நடந்து போவான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டையின் அடிவயிற்றை விரலால் தடவிப் பார்ப்பேன். கோலி உருண்டைகள் மாதிரி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாது. மூன்று பெட்டைகளிடமும் தட்டுப்படவில்லை. மூன்றுக்கும் சேர்ந்தாற்போல் கோளாறு வராது என்றால் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம்.

"அவனத் தேடுறான்டா இவன்," என்றார் அத்தை. "கையில வச்சி வளத்தவன் போயிட்டான்ல. மனசு விட்டுப் போச்சு."

"முயலுக்கு அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"நீ போயி முயல்கிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் இல்லாததால் ஊரில் ஏதாவது ஒன்று நின்றுபோனால் தேவலை என்று இருந்தது. மற்ற எல்லாமும் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அத்தைக்கும் அந்த வீடு பெரிசாகிவிட்டது. மாமா இறந்து வெகுநாள் ஆகிறது. மகன் கிளம்பிய கையோடு அத்தை பாசாரில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் பழக்கடையில் பழம் வெட்டும் வேலைக்குப் போனார். மத்தியானம் வேலை முடிந்து வரும்போது ஒரு பை நிறையத் தோலும் கழிவும் வரும். தர்பூசணிப் பட்டை, கொய்யாக் காம்பு, பப்பாளித் தோல். அதைப் பின்புறக் குழாயடியில் கொட்டி, சின்ன முக்காலியில் உட்கார்ந்து பிரிப்பார். மகன் கட்டிய கூண்டு, மகன் வாங்கிய முயல் என்பதால் பழத் தீனி வைப்பதைத் தானே எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் தீனி உருண்டைகளை நான் கலந்து வைப்பது தனி.

அவர் பிரிப்பதைப் பார்க்க அழகாக இருக்கும். பட்டை ஒரு பக்கம், கொய்யா ஒரு பக்கம். பப்பாளி மட்டும் தனித் தட்டில்.

"அது ஏன் தனியா?"

"இது பொட்டைங்களுக்கு ஆகாது. எது எப்ப மாசமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? கலைஞ்சிருச்சின்னா?" தட்டை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். "இவன் திங்கட்டும். ஆம்பளைக்கு என்ன வந்துச்சு?"

பப்பாளி விதையையும் வீணாக்கமாட்டார். தகரத் தட்டில் வெயிலில் காயவைத்து, மிளகு மாதிரி சுருங்கியதும் அம்மியில் பொடித்து ஒரு பால்மாவு டின்னில் போட்டு வைத்திருந்தார். குடல் பூச்சிக்கு அதைவிட மருந்து இல்லையாம். தினமும் ஒரு கரண்டி. யாருக்கு? மாப்பிள்ளைக்கு. நான் தலையாட்டினேன். என் மனம் வேறு எங்கோ இருந்தது. எனக்குப் புது யோசனை வந்திருந்தது.

ஆணின் விந்துக்கு உணவில் என்ன சேர்க்கலாம் என்று தேடினால் கடலளவு கிடைக்கிறது. வைட்டமின் ஈ, துத்தநாகம், செலினியம். முளைகட்டிய கோதுமை. பூசணி விதை. கருஞ்சீரகம். முருங்கை இலை. நான் எல்லாவற்றையும் நம்பினேன், வரிசையாக, ஒவ்வொன்றையும் முழு மனதோடு.

வைட்டமின் ஈ வாங்க ஈப்போவில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவில் யாழ்ப்பாண வழி வந்த ஓர் அக்கா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்சு எத்தனை வருஷம் தம்பி?"

"எனக்கு இல்ல அக்கா. முயலுக்கு."

"வெக்கப்படாதையும். சிநேகிதனுக்கு எண்டு வாங்கிறவை நிறையப் பேர் இருக்கினம். முயலுக்கு எண்டு கேக்கிறது நீர்தான் முதல் ஆள்." டப்பாவைப் பையில் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இறுக்கமான கால்சட்டை போடாதையும்."

மாத்திரையை ஊசியால் குத்தி, எண்ணெயைத் தீனி உருண்டைகள் மேல் பிதுக்கிக் கலப்பேன். அதே கிண்ணத்தில் வறுக்காத பூசணி விதையை நுணுக்கிப் போடுவேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கருஞ்சீரகத்தை இரண்டு வாரம் போட்டேன். மாப்பிள்ளை தும்மினான், நிறுத்தினேன். பிறகு முளைகட்டிய கோதுமை. பிறகு முருங்கை. கடும் வெயிலில் ஆண் முயல் மலடாகும் என்று படித்ததும், போத்தலில் தண்ணீர் நிரப்பி ஐஸ் கட்டியாக்கி, துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தேன். மாப்பிள்ளை அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தான். சந்தோஷமாக இருந்தான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பன் வீடியோவில் வருவான். அறையில் நாலு கட்டில், பின்னால் யாரோ துணி மடிப்பார்கள்.

"என்ன மச்சான், எதாச்சும் உண்டா?"

"முருங்கைக் கீரை ஆரம்பிச்சிருக்கேன்."

"போன வாரம் கோதுமைன்ன. பேசாம தொங்காட் அலி குடுத்துரு."

"அது ஆம்பளைங்க குடிக்கிற வேரு. முயலுக்கு இல்லடா."

"அப்ப நீ குடி. உனக்கும்தான் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஃபோனை வைத்த பிறகு அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களிடமும் அவன் இப்படித்தான் பேசுகிறானா என்று யோசிப்பேன். ஒருமுறை என்னை "ப்ரோ" என்று கூப்பிட்டான். வாய் தவறித்தான். அந்த வாரம் முழுக்க அது காதில் நின்றது.

என்ன கொடுத்தாலும், பலன் தெரிய இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இன்று கொடுக்கும் சத்து, இன்று தோன்றும் அணுவுக்குத்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனிடம் சொல்ல ஒரு செய்தி வேண்டுமே.

ஆன்லைனில் ஒரு மலிவான நுண்ணோக்கி வாங்கினேன். மாப்பிள்ளை விழுந்து எழுந்ததும், பெட்டையிடமிருந்து பஞ்சுக் குச்சியால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். செத்த செல்கள், தூசு, ஒரு நூல். அசைவு ஒன்றும் இல்லை. சில்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கண் வலித்தது.

"நான் பாக்குறேன், தள்ளு," என்று அத்தை குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார். "என்ன இருக்கணும்?"

"வாலோட குட்டிக் குட்டியா. ஓடிக்கிட்டே இருக்கும்."

வெகுநேரம் பார்த்தார். "வெளிச்சம்தான் தெரியுது," என்றார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் பப்பாளி இன்னும் ஒரு கை கூடுதலாக விழுந்தது. பாவம், அவனுக்குத் தெம்பு வேண்டும்.

பப்பாளி விஷயம் எனக்குத் தட்டுப்பட்டது ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில். பூசணி விதையைத் தேடப்போய் வேறு விதைகளுக்குப் போனேன். பப்பாளி விதையை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக ஆக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள். அதன் சாற்றைக் கொடுத்தால் விந்தில் அணுக்கள் குறைந்து குறைந்து இல்லாமலே போகின்றனவாம். நிறுத்தினால் திரும்ப வருகின்றனவாம். சிரித்துக்கொண்டே விரலால் கீழே தள்ளினேன். எந்த விலங்கிடம் சோதித்தார்கள் என்ற வரி வந்தது.

முயல்.

பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று சத்தியமாக நினைவில்லை. முடிந்ததும் மோட்டாரை விரட்டிக்கொண்டு வந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அத்தை வீட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

"அத்தை! பப்பாளி!"

"வந்ததும் வராததுமா என்னடா பசி? இரு, உள்ள ஒரு துண்டு இருக்கு."

"எனக்கு இல்ல! மாப்பிள்ளைக்கு! இனிமே குடுக்காதீங்க! அந்த டின்னு எங்க?"

"அது பூச்சிக்குடா."

"பூச்சியும் சாகுது, அதுவும் சாகுது."

"எது?"

தலைக்கவசத்துக்குள் எனக்கு வியர்த்தது. "அன்னைக்கு மேசையில வச்சிப் பாத்தமே. ஓடணும்னு சொன்னேனே. அது."

அத்தை கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். "பப்பாளி பொம்பளைக்குத்தானடா ஆகாது?"

"முயல்ல ஆம்பளைக்குத்தான் ஆகாது போல இருக்கு."

முதலில் அவர் சிரித்தார். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார். "நான் மாசமா இருந்தப்ப, என் மாமியாரு வீட்டுப் பின்னால நின்ன பப்பாளி மரத்தயே வெட்டிப் போட்டாங்கடா. காய் கண்ணுல படக்கூடாதாம். உங்க மாமா என்னடான்னா பாசார்ல முழுப் பழமா வாங்கித் தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வருவாரு. ஒருத்தரும் அவர ஒரு வார்த்த கேக்கல. எல்லாப் பழியும் எங்க வயித்துக்குத்தான்!"

நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு என்னுடையதற்கு முன்பே நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தீனிக் கிண்ணத்தைக் கூண்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். என் வைட்டமின் எண்ணெயின் பளபளப்பு ஓரத்தில். அடியில் அவர் தூவிய கறுப்புப் பொடி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில்தான் இத்தனை நாளும் கலந்திருக்கிறோம்.

"அவன் போன அன்னையிலேருந்து குடுக்குறேன்," என்றார். "ஒரு நாளு விட்டதில்ல."

"வெயிலாவும் இருக்கலாம் அத்தை. மாப்பிள்ளைக்கு வயசும் ஆவுதுல்ல. நீங்க குடுத்தது வெறும் பொடி, அவங்க குடுத்தது வேற மாதிரி. நிச்சயமாச் சொல்ல முடியாது."

நான் சொன்னது உண்மை. இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குழாயைத் திறந்து கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கழுவி மோந்து பார்த்தார். திரும்பத் தேய்த்தார்.

"அவன்கிட்ட சொல்லாத," என்றார் முதுகைக் காட்டிக்கொண்டே.

சொல்லவில்லை. இதை எழுதலாமா என்று இந்த மாதம்தான் கேட்டேன். "எழுது, அவன் என்னைக்குப் படிச்சான்?" என்றார்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. எனக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான். வைட்டமின் ஈயும் பூசணி விதையும் மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எதையும் தேடக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். கை அரித்தது. பெட்டைகளை மாப்பிள்ளையிடம் விடவும் இல்லை. சாயங்காலம் கால்வாய்க் கரையில் தனியாகப் புல் அறுத்தேன். தனியாக அறுத்தால் சீக்கிரம் கூடை நிறைந்துவிடுகிறது. நிறைந்த கூடையோடு என்ன செய்வதென்று தெரியாமல் சிலநாள் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். செம்பனை லோரி ஒன்று மண் ரோட்டில் போகும். அவன் ஓட்டிய லோரியின் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை என்று தெரிந்தும் தலை திரும்பும்.

அத்தையும் காத்திருந்தார். பழக்கடைப் பையைப் பிரிக்கும்போது பப்பாளியை மூன்று முறை தேடி எடுப்பார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். "நாளு கணக்கு என்ன ஆச்சு?" என்பார். "ஆவுது அத்தை" என்பேன். இரண்டு பேரும் முயலைப் பற்றித்தான் பேசினோம். மகனைப் பற்றிப் பேசியதே இல்லை.

மழைக் காலம் தொடங்கியது. சாயங்காலக் காற்று குளிர்ந்தது. ஐஸ் போத்தலை நிறுத்தினேன். ஒரு சனிக்கிழமை காலை மூத்த பெட்டையை மாப்பிள்ளையிடம் விட்டோம். விழுந்தான். எழுந்தான். மூக்கைத் துடைத்தான். நான் துளியைச் சில்லில் எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தேன்.

முதலில் கண் நடுங்குகிறது என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, நடுங்குவது அது.

நாற்காலியை அத்தை பக்கம் தள்ளினேன். கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"ஐயோ, என்னடா இது, தவக்களைக் குஞ்சாட்டம்! எங்கடா இப்படி அவசரமா ஓடுதுங்க?" பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் வெளியவே போவுது பாரு. ஒண்ணு கூட நிக்க மாட்டேங்குது."

பிறகு ஒரு மாதம். மூத்த பெட்டை வயிற்று முடியைப் பிய்த்துப் பெட்டிக்குள் மெத்தை போட்டது. மறுநாள் காலை அத்தை என் வீட்டு வாசலில் நின்று, செருப்புப் போடாமல், என் பெயரைத் தெருவே கேட்கக் கத்தினார். ஓடிப்போய் முடியை விலக்கிப் பார்த்தோம். இளஞ்சிவப்பாக, கண் மூடி, ஒன்றின் மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. அந்தப் பெட்டி நிறைந்திருந்தது. இரண்டு வாரம் பிந்தி விட்ட மற்ற இரண்டு பெட்டைகளின் அடிவயிற்றிலும் கோலி உருண்டைகள் தட்டுப்பட்டன. கூண்டெல்லாம் நிறையப் போகிறது.

ஞாயிறு வரை செய்தியை அடக்கி வைத்தோம். அத்தை தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டார். மத்தியானம் அவன் முகம் ஃபோனில் வந்ததும் பெட்டியைக் காட்டினார்.

"அடேய்!" என்றான். "அடேய் மச்சான்! இது நம்ம மாப்பிள்ளையோடதா? தள்ளிக் காட்டும்மா. இன்னும் கிட்ட. அது பாரு, அது கொட்டாவி விடுது!" கட்டிலில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். அவன் குரல் முழுக்கப் பழைய குரல். ஆயர் தாவாரிலிருந்து மழையில் வந்த அன்று இருந்த குரல்.

"மத்த ரெண்டும் சினையா இருக்கு," என்றேன். "அடுத்த மாசம் கூண்டு பத்தாது. எப்ப டிக்கெட்?"

திரையில் அவன் கொஞ்சம் பின்னால் சாய்ந்தான். யாரோ கடந்து போக வழி விட்டவன் மாதிரி.

"மச்சான், உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். பெர்மிட்டுப் புதுப்பிச்சாச்சு. ரெண்டு வருசம். என்னைய ஷிப்ட்டுக்குத் தலைவனா போட்டுருக்காங்க." மறுபடி முன்னால் குனிந்தான். "நீ இங்க வந்துரு லா. சூப்பர்வைசர் ஆளு தேடுறாரு. நீ படிச்சவன், ஆபீஸ்லயே போட்டுருவாங்க. என் ரூம்ல ஒரு கட்டில் காலியாவுது. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம் மச்சான். டியூஷன்ல என்னா இருக்கு?"

அவன் நிஜமாகத்தான் சொன்னான். அவன் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அங்கே அவனுக்கும் சாயங்காலங்களில் இப்படித் தலை திரும்பியிருக்கிறது. இத்தனை மாதமாக நான் கேட்க விரும்பியது இதைத்தானே, நாம் இரண்டு பேரும் ஒன்றாக. வேறு ஊரைச் சேர்த்துச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

ஃபோன் அத்தை கையில் இருந்தது. "சாப்டியா?" என்றார் மகனிடம். சாப்பிட்டேன் என்றான். என்ன குழம்பு என்றார். சொன்னான். வைத்தார்கள்.

பிறகு அத்தை குழாயடிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்து பையைப் பிரிக்க ஆரம்பித்தார். நல்ல சேலையோடு. பட்டை ஒரு பக்கம், கொய்யா ஒரு பக்கம். நான் வைட்டமின் மாத்திரையை ஊசியால் குத்தி மாப்பிள்ளையின் கிண்ணத்தில் பிதுக்கினேன். குட்டி பிறந்துவிட்டது, இனி என்னத்துக்கு என்று தோன்றியது. இருந்தாலும் பிதுக்கினேன்.

"நீயும் போவியா?" என்றார் அத்தை, தலையைத் தூக்காமல்.

எனக்கு வாரத்துக்கு ஒரு யோசனை வரும் என்று சொன்னேனே. அவன் அந்தக் கட்டிலைச் சொல்லிய கணத்திலேயே என் பாதி மனம் பஸ் ஏறிவிட்டிருந்தது. மீதி மனம் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"குட்டிங்க பால்குடி மறக்கட்டும் அத்தை," என்றேன். "அப்புறம் பாக்கலாம்."

சொல்லி முடித்ததும் அது யார் பேசுகிற மாதிரி இருந்தது என்று எனக்கே கேட்டது. ஈப்போ பஸ் நிலையம், காப்பிப் பொட்டலம், கடிபட்ட உறிஞ்சுக் குழாய். அத்தைக்கும் கேட்டிருக்கும். பையின் அடியிலிருந்து ஒரு பப்பாளித் துண்டை எடுத்து, தோலைச் சீவி, விதையைச் சுத்தமாக வழித்துக் கால்வாய்ப் பக்கம் எறிந்தார். பழத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா. சும்மா தின்னு. இப்போதைக்கு உனக்கு ஒண்ணும் ஆவாது."

குழாயடியில் நின்றுகொண்டே தின்றேன். இனிப்பாக இருந்தது. கூண்டுக்குள் மாப்பிள்ளை பின்னங்காலால் எழுந்து நின்று கம்பியில் மூக்கை வைத்து, எங்கள் இருவர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.